ஐந்து நொட்டில் மாதா

எங்கள் மாதா கோயிலில் திருவிழா முடிந்த பிறகு வெளிவரும் மலரில் பங்கு மக்களில் ஒருவரைப் பற்றி எழுதுகிற பகுதி ஒன்று இருக்கிறது. இந்த முறை என் மனைவி விக்ரோறியாவைப் பற்றி என்னையே எழுதச் சொன்னார்கள். "ஒரு பக்கம் காணும் அண்ணை" என்றார்கள். ஒரு பக்கத்தில் அடங்குகிற மனுஷியா அவள்? எழுதினால் வீட்டில் சண்டை வரும். எழுதாவிட்டால், "என்னைப் பற்றி எழுத உங்களுக்கு ஒண்டுமே இல்லையோ" என்று அதைவிடப் பெரிய சண்டை வரும். ஆகவே எழுதுகிறேன். பக்கம் கூடினால் திருவிழாக் குழுத் தலைவர் பஸ்தியாம்பிள்ளை அண்ணருடைய உரையில் கையை வையுங்கள். அதில் வெட்ட நிறைய இருக்கும்.

முதலில் என்னைப் பற்றிச் சுருக்கமாக. பெயர் கிளெமென்ட். ஒக்லாந்தில் பஸ் ஓட்டுகிறேன். ஐம்பதில் போகலாம் என்ற வீதியில் நாற்பத்தெட்டில் போகிற ஆள். யாழ்ப்பாணத்தில் எங்களுடையது வெங்காயம் நட்ட குடும்பம். சின்ன வயதில் நான் கண்ட பெரிய தண்ணீர் எங்கள் தோட்டக் கிணறுதான். அதற்குள்ளும் எட்டிப் பார்க்க மாட்டேன், தலை சுற்றும். நீந்தத் தெரியாது. அதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. மீனுக்கு வெங்காயம் நடத் தெரியுமோ?

விக்ரோறியா பிறந்தது மன்னார்க் கரையில் ஒரு சின்ன ஊர். அவளுடைய அப்பாவுக்குச் சொந்தமாக இரண்டு படகு இருந்தது. இங்கே மவுண்ட் ரோஸ்கில்லில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். தரையில் அவளைப் போல ஆறுதலான ஆளை நீங்கள் காணமுடியாது. வயதானவர்களுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி பருக்குவதற்குள் எனக்கு ஒரு பஸ் ஓட்டம் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நான் சப்பாத்து மாட்டி, காரை எடுத்து, இரண்டு தரம் ஹோர்ன் அடித்த பிறகும் அவள் உள்ளே ஒரு தோட்டைத் தேடிக்கொண்டிருப்பாள். "வாறன் வாறன்" என்ற சத்தம் மட்டும் வரும். ஆள் வராது.

அதே மனுஷியைத் தண்ணீரில் ஏற்றிப் பாருங்கள். யேசுவே! வெஸ்ட்கேட் பக்கம் ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய அலுமினியப் படகு ஒன்றை அவள் வாங்கி வந்த நாளிலிருந்து என் நிம்மதி போயிற்று. சுக்கான் வளையத்தைப் பிடித்தாள் என்றால் அவளுக்கு ஒரே ஒரு வேகம்தான் தெரியும். லீவரை முன்னுக்குத் தள்ளி, அது இதற்குமேல் போகாது என்று தெரிந்த பிறகும் இன்னும் ஒருக்கால் தள்ளிப் பார்ப்பாள். நான் ஒருநாள் ஏறினேன். அன்றே இறங்கினேன். அதற்குப் பிறகு அவள் ஆற்றில் போவாள், நான் வீதியால் காரில் போய்ப் போத்தல் தேத்தண்ணீரோடு கரையில் காத்திருப்பேன்.

இந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்களுக்கு அவள் ஒரு கதை சொல்வாள். பதினாலு வயதில், ஊரில் போர் நடந்தபோது, இராமேஸ்வரத்துக்குப் படகில் ஓடிப் போனவள் அவள். படகில் விளக்கு இல்லை. நடுக் கடலில் பின்னால் ஒரு வெளிச்சம் துரத்தியது. ஓட்டி எஞ்சினை முழுதாகத் திறந்துவிட்டார், தப்பினார்கள். இதை அவள் சொல்கிற விதத்தைக் கேட்க வேண்டும். "அது நல்ல எஞ்சின், யமஹா" என்று எஞ்சினைப் பற்றித்தான் கதைப்பாள். பயந்தாயோ என்று கேட்டால், "பயப்பிட எங்க நேரம்" என்று கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விடுவாள்.

அவள் படகு விடுவது ஒடாஹுஹுவுக்குக் கிழக்கே உள்ள ஆற்றில். ஆறு என்றுதான் பெயர், ஓடுவது கடல் தண்ணீர். ஏறினால் ஆறு, வற்றினால் சேறு. கரையோரமாகப் போகும்போது ஐந்து நொட்டுக்கு மேல் போகக் கூடாது. நொட் என்பது கடல்காரரின் வேகக் கணக்கு. ஐந்து நொட் என்றால் கரையில் மெல்ல ஓடிப் பழகுகிறவன் கைகாட்டிவிட்டு உங்களைத் தாண்டிப் போவான். பறுவம், அதாவது பௌர்ணமி, அமாவாசை இரண்டையும் ஒட்டித் தண்ணீர் மற்ற நாளைவிட ஏறும். வசந்தகாலத்தில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் புல்தரையின் விளிம்பு வரை வந்து நிற்கும். அந்த நேரம் ஒரு படகு வேகமாகப் போனால் அதன் அலை நேரே வீட்டுக்குள் வந்துவிடும்.

போன வசந்தத்தில் விக்ரோறியாவுடைய அலை சியோனே வீட்டுக்குப் போனது. சியோனே தொங்காத் தீவுக்காரர், ஆற்றோரம் வீடு, கோழி வளர்க்கிறவர். அலை வந்து கோழிக்கூட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. கூட்டின் கூரையில் ஒரு சிவப்புக் கோழி நின்றபடி ஆற்றால் போனதை நான் கரையிலிருந்து என் கண்ணால் கண்டேன். ஒரு சத்தம் போடவில்லை அந்தக் கோழி. சியோனே அடுத்த கோழியைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு படகு இறக்குகிற இடத்துக்கே வந்துவிட்டார். மலை போன்ற மனிதர். "ஸிஸ்ரர்! ஃபைவ் நொட்ஸ்! ஃபைவ்!" என்று கை விரல் ஐந்தையும் விரித்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

விக்ரோறியா அழுதுவிட்டாள். அன்றைக்கே கோழிகளைப் பிடித்துக் கொடுத்து, அடுத்த சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கால் உயரமான புதுக் கூடு அடித்துக் கொடுத்தோம். ஆணி அடித்ததில் பாதி என் விரல். சியோனே எங்களுக்கு முட்டை தந்தார். படகு அதிகாரிகளிடம் முறைப்பாடும் கொடுத்தார். இரண்டையும் ஒரே சிரிப்போடு செய்தார். அதிகாரிகள் கூப்பிட்டு எச்சரித்தார்கள்.

இனித் திருவிழாவுக்கு வருகிறேன். ஒக்டோபரில் ஜெபமாலை மாதாவின் திருநாள். மாதாவின் சொரூபத்தைச் சோடித்த கூட்டில் வைத்து வீதியால் சுற்றி வருவதுதான் வழக்கம். இரண்டு வருடத்துக்கு முன் பஸ்தியாம்பிள்ளை அண்ணருக்கு ஒரு எண்ணம் வந்தது, ஊரில் செய்தது போல மாதாவைத் தண்ணீரால் கொண்டு போவோம் என்று. இரண்டு வருடமும் அவருடைய மருமகன் நிரூஜனின் படகில் மாதா போனா. இந்த வருடம் நிரூஜன் வீட்டு மோர்ட்கேஜ் தாங்காமல் படகை விற்றுவிட்டான். பங்கில் மிஞ்சியிருந்த படகு ஒன்றே ஒன்று.

அது தெரிந்த இரவு விக்ரோறியா நித்திரை கொள்ளவில்லை. அவளுடைய ஊரில் திருநாளன்று மாதாவின் படகு கடலைச் சுற்றி வரும். படகில் ஆண்கள். பெண்கள் மெழுகுதிரியோடு கரையில். சொந்த அப்பாவின் படகில் மாதா போன வருடம் கூட அவளை ஏற விடவில்லையாம். அழுது புரண்டிருக்கிறாள். "இஞ்சாருங்கோ, ஒருக்கால், ஒரே ஒருக்கால் மாதாவை நான் கொண்டு போகவேணும்" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். கட்டிய நாளிலிருந்து அவள் என்னிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

குழுக் கூட்டத்தில் பஸ்தியாம்பிள்ளை அண்ணர் தாடையைத் தடவினார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டளை போடாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செமிக்காது.

"பிள்ளை, உன்ர ஓட்டம் ஊருக்கே தெரியும். கோழியே சாட்சி. மாதாவை வச்சுக்கொண்டு றேஸ் ஓட ஏலாது. முழுத் தூரமும் ஐஞ்சு நொட். மெலனி ஃபோனைப் பாத்து வேகத்தைச் சொல்லிக்கொண்டு வரட்டும். ஒருக்கால் ஐஞ்சைத் தாண்டினாலும், வாற வருஷம் மாதா ரோட்டால ஒரு வான் பிடிச்சுத்தான் போவா. நீ படகுப் பக்கமே வரக் கூடாது."

"ஓம் அண்ணை" என்றாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கை கட்டி நின்று சொன்னாள்.

"கிளெமென்ட், நீரும் படகில ஏறும். புருஷன் பக்கத்தில இருந்தாத்தான் அடங்கி ஓட்டுவா."

என்னைக் கேட்காமலே என்னைத் தண்ணீரில் இறக்கிவிட்டார் பாருங்கள்! மெலனி எங்கள் மகள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். "டாட், யூ வில் பீ ஃபைன்" என்று என் முதுகில் தட்டினாள். அவளுக்கென்ன, அவள் நீந்துவாள்.

வழியில் ஒரு நடைபாலம் இருக்கிறது, பதிவானது, உயரமில்லை. தண்ணீர் முழுதாக ஏறிவிட்டால் உயரமான கூடு அதன் கீழே போகாது. தண்ணீர் ஏறாவிட்டாலோ, பாலத்துக்கு அப்பால் இறங்குகிற பூங்காவில் முழங்கால் வரை சேறு. ஆகவே ஏறிக்கொண்டிருக்கிற தண்ணீரில், இடையில் ஒரு நேரம் பார்த்துப் பாலத்தைத் தாண்டிவிட வேண்டும். விக்ரோறியா திருநாளுக்கு ஒரு கிழமைக்கு முன்னமே போய்த் தடி வைத்து அளந்தாள். பெருக்கு நேரம் பார்த்தாள். கணக்குப் பார்த்து, எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று சொன்னாள். எல்லாரும் தலையாட்டினோம்.

திருநாளன்று நல்ல வெயில். பறுவம் முடிந்து இரண்டு நாள். பஸ்தியாம்பிள்ளை அண்ணர் கூட்டைத் தன் கையாலேயே செய்திருந்தார், நாலு தூண், மேலே முடி, முடியைச் சுற்றி மினுங்குகிற லைற். ஆணி அடித்துப் பசையும் ஊற்றியிருந்தார், புயலுக்கும் கழராது என்று சொல்லிச் சொல்லிக் காட்டினார். அதைப் படகின் முன்பக்கம் நாலு போல்ட் போட்டு இறுக்கினார்கள். பிறகு அவர் உரை வாசித்தார். வாசித்தார், வாசித்தார், பக்கத்தைத் திருப்பி மறுபடியும் வாசித்தார். வெளிக்கிடக் கொஞ்சம் பிந்திவிட்டது.

முன்னால் கூட்டின் ஒரு பக்கம் அண்ணர், மறுபக்கம் எங்கள் ஃபாதர், தூத்துக்குடிக்காரர். நடுவில் சுக்கானைப் பிடித்தபடி விக்ரோறியா. அவளுக்குப் பக்கத்தில் ஃபோனோடு மெலனி. எல்லாரும் செம்மஞ்சள் மிதவைச் சட்டை போட்டிருந்தோம். நான் படகின் தட்டில் சப்பாணி கட்டி, கூட்டின் காலை இரண்டு கையாலும் பிடித்தபடி, விக்ரோறியாவைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். தண்ணீரைப் பார்க்கக் கூடாது என்பது என் திட்டம்.

"ஃபோர் பொயின்ற் எயிற்" என்றாள் மெலனி. "ஃபோர் பொயின்ற் நைன்."

கரையோரப் பாதையால் சனங்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டு கூட நடந்தார்கள். ஸ்பீக்கரை ஒரு குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளினார்கள். ஆறு பாம்பு போல வளைந்து வளைந்து போக, பாதை குறுக்கே வெட்டிப் போகும். கொஞ்ச நேரத்தில் அந்த வண்டி எங்களைத் தாண்டிப் போனது. பிறகு பொல்லூன்றி நடக்கிற பங்கஜம் ரீச்சர் தாண்டிப் போனா. போகும்போது எங்களுக்குக் கை காட்டிவிட்டும் போனா.

விக்ரோறியா திரும்பிப் பின்னால் பார்த்தாள். பிறகு முன்னால் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பின்னால். பிறகு கரையிலிருந்த கண்டல் மரங்களைப் பார்த்தாள். இலைகள் தண்ணீருக்குள் போய்விட்டன. விரலை மடித்து ஏதோ எண்ணினாள். முகம் வெளுத்தது.

"ஐயோ கோதாரி!"

"என்னப்பா?"

"இஞ்சாருங்கோ, நான் பிழை விட்டிட்டன். இவ்வளவு நேரத்தில பாலத்துக்குப் போயிடுவம் எண்டு கணக்குப் பாத்தனான் எல்லோ? அது என்ர வேகத்தில பாத்தது."

"உன்ர வேகம் எண்டா?"

"இருபது நொட்."

வாழ்நாளில் ஐந்தில் போகாதவளுக்கு ஐந்தில் கணக்கு வருமா? வாயால் ஐந்து என்று சத்தியம் செய்திருக்கிறாள், மனம் தன்பாட்டுக்கு இருபதில் கணக்குப் போட்டிருக்கிறது. எனக்கு அந்தப் பயத்திலும் சிரிப்பு வந்தது.

"அப்படின்னா இப்ப என்ன ஆகும்?" என்று ஃபாதர் கேட்டார்.

"பாலத்துக்குப் போகேக்க தண்ணி ஏறிப்போடும் ஃபாதர். கூடு இடிக்கும்."

பஸ்தியாம்பிள்ளை அண்ணர் துள்ளி எழுந்தார். படகு சரிந்தது, நான் மாதாவைக் கூப்பிட்டேன்.

"அப்ப கெதியா விடு பிள்ளை! என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? தள்ளு, தள்ளு!"

"அண்ணை, ஐஞ்சு எண்டு நீங்கதானே சொன்னது?"

"அது அப்ப! இப்ப நான் சொல்லுறன், தள்ளு! அங்க முந்நூறு சனம் காத்துக்கொண்டு நிக்குது."

ஃபாதரும் தொண்டையைக் கனைத்தார். "கொஞ்சமா... ஒரு ஏழு, எட்டு போனா தப்பா?"

"நோ!" என்றாள் மெலனி.

விக்ரோறியாவின் கை லீவரில் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லாரும் அவளை வேகமாகப் போ என்கிறார்கள். அவளோ போகாமல் நிற்கிறாள். வலப்பக்கம் வீடுகளின் புல்தரையும் தண்ணீரும் ஒரே மட்டத்தில் இருந்தன. ஒரு வீட்டில் சின்னப் பிள்ளையின் சைக்கிள் கரை விளிம்பிலேயே கிடந்தது. அடுத்த வளைவில் சியோனேயின் வீடு. அவள் மறுபடியும் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன பின்னால பின்னால பாக்கிறாய்?" என்று கேட்டேன்.

மற்றவர்களுக்குக் கேளாமல் குனிந்து சொன்னாள். "தண்ணியில மெள்ளப் போனா ஆரோ பின்னால வாற மாதிரி இருக்குதப்பா. முதுகு கூசுது. தள்ளு தள்ளு எண்டு கை கேக்குது."

"பின்னால ஒருத்தரும் இல்லையடி."

"எனக்குத் தெரியும். முதுகுக்குத் தெரியேல்லையே."

அவளுடைய கண் நிரம்பியிருந்தது. அந்த நேரம் நான் செய்ததை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. கூட்டின் காலை விட்டேன். நாலு காலில் தவழ்ந்தேன். மெலனியின் செருப்பைத் தாண்டி, விக்ரோறியாவின் காலைத் தாண்டி, எஞ்சினுக்குப் பக்கத்தில், பெற்றோல் தாங்கிக்கு முன்னால் போய்த் தட்டில் குந்தினேன். மூன்று பக்கமும் தண்ணீர். கண்ணை மூடினால் இன்னும் மோசமாக இருந்தது, திறந்தேன்.

"இப்ப பின்னால நான் இருக்கிறன். ஆர் வந்தாலும் என்னைத் தாண்டித்தான் வரவேணும். நீ முன்னால பார்."

"நீங்க நீந்த மாட்டியளே?"

"நீந்தவோ வந்தனான்? இருக்க வந்தனான். பார் முன்னால!"

மூக்கை உறிஞ்சினாள். முன்னால் பார்த்தாள். லீவரிலிருந்த கையை எடுத்துச் சுக்கானில் வைத்தாள்.

"ஃபோர் பொயின்ற் நைன்" என்றாள் மெலனி. அவளுடைய குரலும் ஒரு மாதிரி இருந்தது.

"எல்லாருக்கும் விசர்" என்று அண்ணர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சியோனே வீட்டைத் தாண்டும்போது அவர் கோயிலுக்குப் போகிற உடுப்பில், தொங்கா வழக்கப்படி இடுப்பில் பாய் சுற்றிக் கட்டியபடி, கரையில் நின்றார். கோழிகள் அவர் காலடியில் கொத்திக்கொண்டு நின்றன. எங்கள் படகின் அலை அவருடைய புல்லை நனைக்கக்கூட இல்லை. ஐந்து விரலையும் விரித்து உயர்த்தினார். விக்ரோறியாவும் ஐந்து விரலை உயர்த்தினாள். பிறகு அவர் மாதாவுக்காகத் தலை குனிந்தார்.

பாலம் வந்தது. விக்ரோறியா எஞ்சினை மந்தப்படுத்தி, மெள்ள மெள்ளக் கிட்டக் கொண்டு போனாள். கூட்டின் முடி, பாலத்தைத் தாங்குகிற தீராந்தியைவிட ஒரு சாண் உயர்ந்து நின்றது. நடந்து வந்த சனமெல்லாம் ஏற்கெனவே பாலத்தில் ஏறி நின்று கீழே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை வண்டியும் அங்கேதான் நின்றது. ஸ்பீக்கரில் "மரியே வாழ்க" என்று போய்க்கொண்டிருந்தது.

"பாத்தியளோ ஃபாதர்?" என்றார் அண்ணர். "பொம்பிளையிட்டக் குடுத்தா இப்பிடித்தான் முடியும் எண்டு எனக்கு அப்பவே தெரியும். இனித் தண்ணி ஏறி இறங்கும் வரைக்கும் மாதாவை நடு ஆத்துக்க வச்சிருக்கிறதோ? திருப்பு. வானைக் கூப்பிடுவம்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தண்ணீர்ப் பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "அண்ணை, காலமை மைக்கைப் பிடிச்சு விடாமல் நிண்டது எந்தப் பொம்பிளை?" என்று பின்னாலிருந்து கத்தினேன். பாலத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நீங்க சும்மா இருங்கோ" என்றாள் விக்ரோறியா. "அண்ணை, பிழை என்ரதான். கணக்குப் பாத்தது நான். ஆனா மாதா வானில போகமாட்டா. கூட்டைக் கழட்டிச் சரிப்பம். மாதாவைக் கீழ இறக்குவம்."

"இறக்கிறதோ! கூட்டில ஏத்தினா திரும்பக் கோயிலுக்குப் போகும் வரைக்கும் மாதாவை இறக்கிறேல்லை. எந்தக் காலத்தில நடந்தது அது?"

இது உண்மைதான். எங்கள் ஆட்கள் மழை பெய்தாலும் குடை பிடிப்பார்களே தவிர, மாதாவை இடையில் இறக்க மாட்டார்கள். எல்லாரும் ஃபாதரைப் பார்த்தோம். அவர் பாலத்தைப் பார்த்தார், முடியைப் பார்த்தார், பிறகு சிரித்தார்.

"கழுதை மேல உக்காந்து எகிப்து வரைக்கும் போனவங்க இவங்க. ஒரு பாலத்துக்குத் தலை குனிஞ்சா கொறஞ்சா போயிடுவாங்க? இறக்குங்க."

அண்ணர் கை நீட்டியபடி எழுந்தார். படகு பக்கவாட்டில் சரிந்தது. "இருங்கோ அண்ணை!" என்று நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினோம். உட்கார்ந்தார். எல்லாரிலும் பதிவாக, எழும்பவே மாட்டேன் என்று உறுதியாக இருந்த ஆள் படகில் ஒருவர்தான். ஃபாதர் மாதாவைத் தூக்கி மெலனியிடம் கொடுக்க, மெலனி என் மடியில் வைத்தாள். அரிசி மூட்டைக் கனம். மெலனி மிச்சமிருந்த செம்மஞ்சள் மிதவைச் சட்டையை எடுத்து மாதாவுக்குப் போட்டு, பட்டியையும் மாட்டிவிட்டாள். "ரூல்ஸ், டாட்" என்றாள். போல்ட்டைக் கழற்றிக் கூட்டை முன்பக்கம் சரித்தார்கள். அண்ணர் தான் செய்த கூட்டு முடியைக் கட்டிப்பிடித்தபடி குப்புறப் படுத்தார், ஃபாதர் அவர் பக்கத்தில் படுத்தார்.

விக்ரோறியா முழங்காலை மடித்துக் குனிந்து, ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு படகைப் பாலத்துக்குள் விட்டாள். இருட்டாக இருந்தது. தலைக்கு மேல் பலகையில் பிள்ளைகள் ஓடுகிற சத்தம். தீராந்தியிலிருந்து ஒரு சொட்டு என் கழுத்துக்குள் விழுந்தது. நான் மாதாவின் தலையை என் தோளில் சாய்த்து, என் தலையை அவர் தலையில் சாய்த்து, கண்ணை முழித்துக்கொண்டு இருந்தேன். அப்போது விக்ரோறியா ஒருக்கால் திரும்பிப் பார்த்தாள்.

பார்த்தவள் சிரிக்கத் தொடங்கினாள். நானும் மாதாவும் ஒரே நிறச் சட்டையில் தலையோடு தலை முட்டிக்கொண்டு இருந்த கோலத்தைப் பார்த்து, தோள் குலுங்க, கண்ணீர் வழியச் சிரித்தாள். தண்ணீரில் அவள் பின்னால் பார்த்துச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

"சிரிக்காத. முன்னால பார்" என்றேன்.

வெளிச்சத்துக்கு வந்தபோது மேலே பாலத்தில் கைதட்டினார்கள். பூங்காவில் காத்திருந்தவர்களுக்கோ ஒன்றும் விளங்கவில்லை. கூடு சரிந்து கிடக்கிறது, மாதா என் மடியில் வருகிறா. முன்வரிசையில் நின்ற ஆச்சிமார் முழந்தாளிட்டார்கள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பிறகு மணி அடித்தது, கூட்டை நிமிர்த்தினார்கள், மாதாவை அதில் ஏற்றிப் பூசைக்குக் கொண்டு போனார்கள். மிதவைச் சட்டையைக் கழற்ற மறந்துவிட்டார்கள். முதலாம் வாசகம் முடியும் வரை மாதா அதோடுதான் நின்றா.

பூசை முடிந்து சாப்பாடு நடக்கும்போது விக்ரோறியா படகுச் சாவியை எடுத்துக்கொண்டு பஸ்தியாம்பிள்ளை அண்ணரிடம் போனாள். அவருடைய கையில் வைத்தாள்.

"பாலத்தில மாட்டினது என்ர பிழை அண்ணை. நீங்க என்ன சொன்னாலும் கேக்கிறன்."

அவர் சாவியை மற்றக் கைக்கு மாற்றினார். கோழிக்கறி ஒட்டிய விரலை வேட்டியில் துடைத்தார். "மெலனி, ஆகக் கூடினது எவ்வளவு போச்சு பிள்ளை?"

"ஃபைவ் பொயின்ற் ஸீரோ, அங்கிள். நெவர் ஓவர்."

"நானும் தள்ளு தள்ளு எண்டு கத்தினனான் என்ன?" என்றார். பிறகு சாவியை அவள் கையில் திருப்பி வைத்து மூடினார். "திரும்பிப் போக எத்தினை மணிக்கு வெளிக்கிட வேணும் எண்டு சொல்லு. உன்ர வேகத்தில இல்லை, என்ர வேகத்தில கணக்குப் பாத்துச் சொல்லு. வாற வருஷத்துக்குக் கூட்டைக் கட்டையாச் செய்வம்."

அவள் அந்த இடத்திலேயே விரலை மடித்து எண்ணத் தொடங்கினாள்.

தண்ணீர் இறங்கத் தொடங்கியது. மாதாவைக் கூட்டோடு படகில் ஏற்றினார்கள். நிரூஜன் கார்ச் சாவியை ஆட்டிக்கொண்டு வந்தான். "அண்ணை, காரில இடமிருக்கு, வாங்கோ. வரேக்க கண்ட பாடு காணும்."

"ஓமப்பா, நீங்க காரில போங்கோ" என்றாள் விக்ரோறியா. "நான் சமாளிப்பன்."

சுக்கானைப் பிடித்து நின்றாள். இன்னும் கயிறு அவிழ்க்கவில்லை, அதற்குள் ஒருக்கால் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டாள். தண்ணீரைப் பார்க்காமல் ஏறினேன். நாலு காலில் தவழ்ந்து போய் எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"எடு விக்கி. பின்னால ஒருத்தரும் இல்லை. நான் மட்டும்தான்."